அருவி லீவு

குற்றாலத்தில் அருவியை மூடினால்தான் முப்பிடாதிக்கு லீவு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். முத்துவடிவு லாட்ஜில் வேலை பார்க்கிற பெண்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மலையில் மழை கொட்டி, மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிப் பாய்ந்து, போலீஸ்காரர்கள் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்றால், அறை எடுத்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூட்டை கட்டுவார்கள். வரவேண்டியவர்கள் போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். உடனே மேனேஜர் பாண்டிராஜ் வாட்ஸப் குரூப்பில் குரல் கொடுப்பான்: "பொம்பளையாளுக எல்லாரும் வீட்டுக்குப் போலாம். இந்த வார லீவு இன்னைக்கு." அவ்வளவுதான், அந்த வாரத்து லீவு முடிந்தது. அருவி மூடாத வாரத்தில் லீவே கிடையாது.

முதலாளி தில்லைநாயகம் அண்ணாச்சியைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் கையாலேயே மாத்திரை வாங்கிக் கொடுத்து, காய்ச்சல் விட்டதும் வேலையை வாங்கிவிடுவார். லீவுப் பேச்சு வந்தால் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார். "குத்தாலநாதரே பாத்து ஒங்களுக்கு லீவு குடுக்காரு. நடுவுல நான் யாருட்டி?" என்பார். பெண்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

சீசனில் லாட்ஜ் வேலை என்றால் என்னவென்று, வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது. உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள், வருவார்கள், அப்படியே கட்டிலில் விழுவார்கள். விரிப்பு, தலையணை உறை, சுவர், கதவுப்பிடி எல்லாம் எண்ணெய். வெந்நீரில் சோடா உப்பைப் போட்டு ஊறவைத்து, கல்லில் கும்மி, பிழிந்து மாடிக்குத் தூக்கிப்போனால் அங்கே சாரல் நின்று பெய்துகொண்டிருக்கும். துணி காயாது. காயாத விரிப்பை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து ஆவி பறக்கக் காயவைக்க வேண்டும். அந்த ஆவியில் முகம் வெந்து போகும். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். முப்பிடாதி வீட்டுக்கு வந்து மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டு படுப்பாள். மறுநாள் காலையில் மறுபடி எண்ணெய் விரிப்பு.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், சங்கிலிப்பாண்டி விழுகிற வரை.

சங்கிலிப்பாண்டி அவள் புருசன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். மழை பெய்து சொதசொதவென்று கிடந்த காலையில் லாரிப் பலகையிலிருந்து வெங்காய மூட்டையோடு சறுக்கி விழுந்தான். முதுகெலும்பில் அடி. ஆபரேசன் ஆகி வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே பாதி உயிர்தான் இருந்தது. ஆய்க்குடியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வாராவாரம் வியாழக்கிழமை அவன் முறை. வீட்டாள் ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும். எப்படித் தூக்கி நிறுத்துவது, எந்தப் பக்கம் தாங்குவது, எப்படி மடக்கி நீட்டுவது என்று வீட்டாளுக்குத்தான் முதலில் பழக்கிக் கொடுப்பார்கள். மீதி ஆறு நாளும் வீட்டில் செய்யவேண்டியது அவர்கள்தானே. காத்திருக்கிறவர்கள் நிறைய. சேர்ந்தாற்போல் வராமல் போனால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமைக்கும் அருவிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் முப்பிடாதியின் கஷ்டம்.

முதல் வாரங்களில் மலை அவள் பக்கம் இருந்தது. புதன் ராத்திரி மழை, வியாழன் காலையில் தடை. அவளும் வாய்நிறைய குற்றாலநாதரைக் கும்பிட்டுக்கொண்டு ஆய்க்குடிக்குப் போய்வந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை அருவியை மூடினார்கள். வியாழக்கிழமை பளபளவென்று வெயிலும் சாரலுமாக அருவி கொட்டியது. வியாழனாக இருந்தும் ஊர் கொள்ளாத கூட்டம். அவள் பாண்டிராஜிடம் போய் நின்றாள்.

"தம்பி, இன்னைக்கு ஒருநா விடுங்க. ஆய்க்குடிக்குப் போணும்."

"யக்கா, திங்கக்கெழம லீவு எடுத்தியள்லா?"

"நானா எடுத்தேன்? நீங்கதான போவச் சொன்னிய?"

"போவச் சொன்னா அது லீவுதான். எல்லா ரூமும் ஃபுல்லா கெடக்கு. இப்பம் போயி லீவு கீவுன்னுட்டு."

அன்றைக்கு அவள் போகவில்லை. சாயந்திரம் காசிமேஜர்புரத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது சங்கிலிப்பாண்டி வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு, காலையில் கிளம்பி உட்கார்ந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்திருந்தான். அவள் சோறு வைக்கப் போனாள். உளுத்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். இடுப்புக்கு நல்லது என்று வாரத்துக்கு ரெண்டு தரம் பொங்குவாள்.

"ஏளா," என்றான் அவன். "ஒருநாளு போவாட்டா ஒண்ணும் ஆவாது. அதுக்கு எதுக்கு மொகத்த இப்படி வச்சிருக்க?"

"ஒண்ணும் ஆவாதா? பயிற்சி குடுக்க அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சு? சேந்தாப்புல ரெண்டு வாரம் விட்டா முறை போயிரும்னு சொல்லலையா?"

"போனாப் போவுது. எனக்காவ நீ சோலியக் கெடுத்துக்கிடாத. ரெண்டுபேரும் வீட்டுல உக்காந்தா சோத்துக்கு எங்கன போறது?"

"நீங்க நடக்கணும்."

"நடந்து மறுபடி மூட்டையா தூக்கப் போறேன்?"

"கக்கூசுக்கு நீங்களாப் போணும். அது போதும் எனக்கு," என்றாள். அவளுக்கே சுருக்கென்றது. சோற்றைப் பிசைந்து அவன் தட்டில் துவையலைக் கூட வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமையும் அருவி திறந்துதான் கிடந்தது. முப்பிடாதி யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து, புருசனைத் தூக்கி உட்காரவைத்து, ஆய்க்குடிக்குப் போய்விட்டாள். போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆட்டோ இலஞ்சியைத் தாண்டுகிற வரைக்கும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பயிற்சி கொடுக்கிற உமா மகேஸ்வரி சின்ன வயசுப் பெண். போன வாரம் ஏன் வரவில்லை என்று கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முப்பிடாதி அருவிக் கதையைச் சொன்னதும் கையிலிருந்த இடுப்புப் பட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அருவி மூடுனாத்தான் லீவா? என்னக்கா, வெளையாடுதியளா?"

"வெளையாட்டு என்ன தாயி, அதுதான் வழக்கம்."

"வழக்கமாவது மண்ணாவது. லீவுக்குன்னு சட்டம் இருக்குக்கா. தென்காசில லேபர் ஆபீஸ் இருக்கு. போற வழில எறங்கிக் கேட்டுட்டுப் போங்க."

போகிற வழியில் இறங்கினாள். சங்கிலிப்பாண்டி ஆட்டோவிலேயே இருந்தான். "ஏட்டி, வேண்டாம்டீ, வா," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அவள் காதில் வாங்கவில்லை.

அங்கே இருந்த ஆய்வாளர் அம்மா நரை விழுந்தவர். முப்பிடாதி போனதும் போகாததுமாகத் தப்பான கேள்வியைக் கேட்டாள்.

"எம் புருசனுக்குச் சீக்கு. வாராவாரம் வியாழக்கெழம லீவு வாங்கித் தாங்கம்மா."

"புருசன் சீக்குக்குன்னு தனியா லீவு இந்தச் சட்டத்துல கிடையாதும்மா," என்றார் அவர்.

முப்பிடாதி சட்டென்று எழுந்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "அப்பம் நான் வாரேன். அந்தப் பிள்ள சொல்லிச்சேன்னு வந்தேன்."

"உக்காருங்க. அவசரப்படாதீங்க. உங்களுக்கு வார லீவு எந்தக் கிழமை?"

"அருவி மூடுத கெழம."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். வாரத்தில் ஒரு முழு நாள் லீவு முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். அதற்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. யாருக்கு எந்தக் கிழமை என்று முன்னாடியே எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும். நினைத்தால் நினைத்த நாளுக்கு மாற்றுகிற வேலையெல்லாம் செல்லாது. தங்க ஆள் வராததால் லாட்ஜில் வேலை இல்லை என்றால் அது முதலாளி பாடு, அதைத் தொழிலாளியின் லீவு என்று எழுத முடியாது.

"ஆனா எந்தக் கிழமைன்னு அவர்தான் முடிவு பண்ணுவார். வியாழக்கிழமையே குடுன்னு நான் சொல்ல முடியாது. அதை நீங்கதான் பேசி வாங்கணும்."

"பேசுதேன்."

"நான் விசாரிக்க வருவேன். யாரு சொன்னான்னு உங்க பேரைச் சொல்லாம விட்டுரட்டுமா?"

"சொல்லுங்கம்மா. ஒளிஞ்சு நிக்கதுக்கு நான் என்ன களவா எடுத்தேன்?"

சொல்லிவிட்டு வெளியே வந்தவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாள். தைரியம் வாயில்தான் இருந்தது, காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மறுநாள் லாட்ஜில் வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. தில்லைநாயகம் அண்ணாச்சி திருநீறு மாறாத நெற்றியோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாண்டிராஜ் பக்கத்தில் நின்றான்.

"ஏட்டி முப்பிடாதி, உப்பு போட்டுத்தான சோறு திங்க? சீசன்ல சொல்லாம கொள்ளாமப் போறியே, இது லாட்ஜா சத்திரமா?"

"சொன்னா விடுவியளா அண்ணாச்சி?"

"விடமாட்டேன்."

"அதான் சொல்லல."

வாளியோடு படியில் நின்ற, கூட வேலை பார்க்கிற உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது.

"வாய் ரொம்ப நீளுது. ஒனக்கு வேல குடுத்து வச்சிருக்கேன்லா, அதான். நாளைக்கே வேற ஆளப் போட எனக்கு எவ்வளவு நேரமாவும்?"

"போடுங்க. அந்த எண்ணெ விரிப்ப ஒருநாளு தொவச்சுப் பாத்துட்டு அவளும் லேபர் ஆபீசுக்குத்தான் போவா. நான் நேத்தே போயிட்டு வந்துட்டேன். அந்தம்மா வருவாவ. ஒங்ககிட்ட மறைக்க எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எனக்கு வாரத்துக்கு ஒருநாளு வேணும், அது வியாழக்கெழம வேணும். வேற ஒண்ணும் கேக்கல."

மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்த மனுசர், லேபர் ஆபீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருசம் தின்ன சோத்துக்கு இதுதானா?" என்று மட்டும் கேட்டார். அதில் உண்மையான வருத்தமும் இருந்தது. முப்பிடாதிக்கும் ஒரு நிமிசம் சங்கடமாக இருந்தது. பிறகு விரிப்புகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஆய்வாளர் அம்மா சொன்னபடி வந்தார். அறை வேலைப் பெண்கள் மூவரிடமும் தனித்தனியாகப் பேசினார். அவர் வந்துபோன சாயந்திரமே வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் போர்டு ஒன்று ஏறியது. சங்கரேஸ்வரிக்குத் திங்கள், உலகம்மைக்கு வெள்ளி. பெரும்பாலும் வியாழன்தான் லாட்ஜ் காற்றாடுகிற நாள், சனி ஞாயிறுக் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் வர ஆரம்பிக்கும். அதனால் முப்பிடாதிக்கு வியாழனைக் கொடுப்பதில் அண்ணாச்சிக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. கொடுத்தார். அவள் போர்டு முன்னால் நின்று தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரொம்பத் தடவாதிய, அழிஞ்சிரும்," என்றான் பாண்டிராஜ். "அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ. போர்டு அந்தம்மா பாக்கதுக்கு. அருவி மூடுன வாரத்துல பழைய வழக்கம்தான்."

அவள் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே அருவி மூடியது.

ஆடி மாசம், புதன்கிழமை. விடிவதற்கு முன்னாலேயே மலைப்பக்கம் இரைச்சல் வேறு மாதிரி இருந்தது. முப்பிடாதி லாட்ஜுக்கு வந்து சேரும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்வதாக ஊரெல்லாம் பேச்சு. கார்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. உலகம்மையும் சங்கரேஸ்வரியும் வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே பாண்டிராஜ் வந்தான்.

"குளிக்கத் தடை போட்டாச்சு. எல்லா ரூமும் காலியாவுது. வீட்டுக்குப் போலாம். இந்த வார லீவு இன்னைக்கு."

"சவம், இன்னைக்காவது காலக் காயப் போடலாம்," என்று உலகம்மை சந்தோசமாகக் குடையை விரித்தாள். முப்பிடாதி நகரவில்லை.

"ஏட்டி, வா. சும்மா கெடைக்க லீவ எதுக்கு விடுத?"

"சும்மா இல்ல யக்கா. ஒங்க லீவு எந்தக் கெழம?"

"வெள்ளி."

"வெள்ளிக்கெழம என்ன?"

உலகம்மை விரித்த குடையோடு நின்றாள். வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு ஆடித் தபசுத் திருவிழா. மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போவதற்கு எல்லாம் பேசி முடித்திருந்தாள். பேத்திக்கு நேர்ச்சை வேறு பாக்கி.

"இன்னைக்குப் போனியன்னா அன்னைக்கு வேலைக்கு வரணும். தபசு பாக்க முடியாது," என்றாள் முப்பிடாதி. "நான் இன்னைக்குப் போனேன்னா நாளைக்கு ஆய்க்குடிக்குப் போவ முடியாது. இவுகளுக்கு வேண்டாத நாள நமக்குக் குடுத்து, நம்ம நாளப் பிடுங்குதாவ. நான் போவ மாட்டேன்."

திங்கள் லீவை எடுத்துவிட்ட சங்கரேஸ்வரிதான் முதலில் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்தாள். உலகம்மை இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். மழையைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கி உதறி மூலையில் சாத்தினாள்.

பாண்டிராஜ் ஓடிப்போய் அண்ணாச்சியைக் கூட்டிவந்தான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"என்னட்டி இது அநியாயமா இருக்கு? லீவு குடுக்கலன்னு சொல்லி ஆபீசர கூட்டிட்டு வந்திய. இன்னைக்கு லீவு குடுக்கேன், போங்கன்னா போவ மாட்டேங்கிய. ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

"போர்டுல எழுதுனதுதான் வேணும் அண்ணாச்சி."

"ரூம் பூராக் காலி. என்ன சோலி செய்யப் போறிய? வெறுங்கட்டிலத் தொடச்சுட்டே இருப்பியளா?"

"தொடைக்கோம். பூஞ்சணம் பிடிச்ச சொவரு எவ்வளவு கெடக்கு. சொன்னா எதையும் செய்யுதோம். சும்மா இருக்கச் சொன்னா இருக்கோம். வீட்டுக்கு மட்டும் போவ மாட்டோம்."

"கரண்டை அமத்திருவேன்."

"அமத்துங்க. பகலுதான."

அண்ணாச்சி மற்ற இருவரையும் பார்த்தார். "உலகம்ம, நீயுமா? ஒம் மக கல்யாணத்துக்கு நான்லாட்டி முன்ன நின்னேன்?"

"நின்னிய அண்ணாச்சி, இல்லன்னு சொல்லல," என்றாள் உலகம்மை. "அம்மா கோமதிகிட்டயும் அதத்தான் சொல்லப் போறேன். வெள்ளிக்கெழம."

அண்ணாச்சி வேட்டியை இன்னொரு தரம் மடித்துக் கட்டினார். குற்றாலநாதரை இழுக்கலாம் என்று மலைப்பக்கம் திரும்பினார். மலை மேகத்துக்குள் ஒளிந்து கிடந்தது.

"அருவிய மூடிட்டான்டீ! நான் என்ன செய்ய?" என்று கத்தினார்.

"அருவியத்தான மூடியிருக்கு," என்றாள் முப்பிடாதி. "நாங்க வேலைக்கு வந்துட்டோம். எழுதிக்கிடுங்க."

அன்று பூராவும் மூன்று பெண்களும் காலி லாட்ஜில் வேலை பார்த்தார்கள். சுவரில் எண்ணெய்க் கறையைச் சுரண்டினார்கள், பாசி பிடித்த படியைத் தேய்த்தார்கள். அண்ணாச்சி மேசையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார். மத்தியானம் உலகம்மை கொண்டுவந்த புளிச்சோற்றை மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். சாயந்திரம் பொழுதோடு கிளம்பும்போது முப்பிடாதி மேசைக்கு முன்னால் நின்று, "நாளைக்கு வர மாட்டேன் அண்ணாச்சி," என்றாள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

வியாழக்கிழமை வெயில் வந்துவிட்டது. ஆட்டோ வாசலில் நின்றது. சங்கிலிப்பாண்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். இடது கால் தரையில் இழுபட்டது, வலது கால் தானாக ஊன்றியது. ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. ஆட்டோவில் அவனை உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணையைச் செருகும்போது போன் அடித்தது. பாண்டிராஜ். அவள் எடுத்து, அவன் பேசுவதைக் கடைசி வரை கேட்டாள்.

"இன்னைக்கு வியாழக்கெழம தம்பி," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"யாருட்டி? என்னவாம்?" என்றான் சங்கிலிப்பாண்டி. அவன் முகத்தில் இன்னும் அந்தப் பழைய பயம் இருந்தது.

"அருவியத் தொறந்துட்டாவளாம். கூட்டமாம். தண்ணி நல்லா விழுதாம்."

"அதுக்கு?"

முப்பிடாதி அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"விழட்டும்," என்றாள். "நீங்க நேரா உக்காருங்க. வண்டிய எடுப்பா."